காதோரப் பச்சை

ஒரு சுவர்தான் கேட்டார்.
நான் தொட்டதும் வீடு முழுக்கப் பச்சையாகிவிட்டது.
கூடம், அடுப்படி, மாடிப்படியின் அடி,
இன்னும் கதவு வைக்காத குளியலறை கூட.
மென்பொருளுக்கு எல்லாச் சுவரும் ஒன்று.
ஒருத்தரிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி.

ஸாதியா நாற்காலியை இழுத்துக்கொண்டு
திரைக்குப் பக்கத்தில் வந்தார்.
"அல்லா, இது அவுக ரூமுல்ல" என்றார்.

கீழக்கரையில் ஜெட்டிக்குப் போகிற சாலை,
மருந்துக்கடை மாடி, என் மேசை.
மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
பேட்டரி இருபது நிமிடம் தாங்கும்.
அதற்குள் ஒரு சுவரை
மற்ற மூன்றிடமிருந்து பிரித்தாக வேண்டும்.

நிற அட்டையைப் புரட்டக்கூட இல்லை அவர்.
அட்டையில் பனிமலை உண்டு, ஆலிவ் தோப்பு உண்டு,
எங்களில் யாரும் பார்த்திராத ஏரிகள் உண்டு.
அவர் கைபேசியை நீட்டினார்.
வீடியோ காலில் பிடித்த படம்:
ஷார்ஜாவில் ஓர் அடுக்குக் கட்டில்,
கீழ்க்கட்டிலில் முஸம்மில்,
முஸம்மிலுக்குப் பின்னால் சுவர்.
ஐந்து வருஷமாக அதே சுவர்.

"நுஹாவுக்கு வாப்பான்னா அதுவும் சேத்துத்தான்.
போன தடவ வந்தப்ப வெள்ளச் செவுத்தோரம் நின்னாக.
புள்ள யாரோன்னு கதவுக்குப் பின்னாடி போயிட்டா.
இருபத்தெட்டு நாள் லீவு.
பத்தொம்பது நாள் அதுலயே போச்சு."

நிறத்தை உறிஞ்சித் தர ஒரு சொட்டுக்குழாய்க் குறி உண்டு.
ட்யூப்லைட்டுக்கு அடியில் வைத்தேன்,
வெள்ளரிப் பிஞ்சின் உட்பக்கம்.
மேல்கட்டிலின் நிழலில் வைத்தேன்,
வதங்கிய முருங்கைக்கீரை.
அதற்கும் கீழே, எத்தனையோ பேர்
எண்ணெய்த் தலையைச் சாய்த்துச் சாய்த்து
என்ன நிறமென்றே சொல்ல முடியாத ஒரு வட்டம்.
எது அந்தச் சுவர்?

"காதுக்குப் பக்கத்துல எடுங்க.
புள்ள முத்தம் குடுக்குற எடம்."
கைபேசிக் கண்ணாடி அங்கே மட்டும் மங்கியிருந்தது.

எடுத்தேன். பிரித்தேன். பூசினேன்.
படத்தை அனுப்பிய மறுநிமிடம்
வண்டி இரைச்சலோடு அவர் குரல் வந்தது:
"தங்கச்சி, மஞ்ச அடிங்க, ரோஸு அடிங்க,
ஸாதியா சொல்ற எதுவும் அடிங்க.
அந்தப் பச்ச மட்டும் வேணாம்.
கண்ணு முழிச்சா அதுலதான் முழிக்கிறேன்."

ஸாதியா கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.
கீழே யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
பிறகு திரையில் சோபாவைத் தொட்டார்.
"இத அந்தச் செவுத்துல ஒட்டிப் போடுங்க.
சாஞ்சு உக்காந்தா அவுக முதுகுதானே பாக்கும்.
பாக்கப்போறது நாங்க ரெண்டு பேரு."

ஒட்டிப் போட்டேன்.
மென்பொருளில் ஒரு மனிதன் கிடைப்பான்,
சாம்பல் நிறம், முகம் கிடையாது.
அவனை உட்கார வைத்தேன்.
"கொஞ்சம் இடப்பக்கம்."
நகர்த்தினேன்.
"இன்னும் ஒரு வெரக்கட."
நகர்த்தினேன்.
"ம்."

ராத்திரி விளக்கை அணைக்க எழுந்து
அவர் திரும்பினால் என்று கேட்க வாயெடுத்தேன்.
பேட்டரி கத்தியது. திரை போனது.

கரண்ட் வந்தபோது நாலரை. அவர் போயிருந்தார்.
மென்பொருள் கடைசியாகத் தானே சேமித்து வைத்ததை
விசுவாசமாகத் திறந்து காட்டியது:
வீடு முழுக்கப் பச்சை.

ஒவ்வொரு சுவராக வெள்ளைக்குத் திருப்பினேன்.
கூடம். அடுப்படி. மாடிப்படியின் அடி.
கடைசிச் சுவரில் அம்புக்குறியை வைத்துக்கொண்டு
எவ்வளவு நேரம் இருந்தேனோ,
பெயிண்டர் சவேரி அழைத்தார்.
"நம்பரு சொல்லுக்கா. நாளைக்குச் சரக்கு எடுக்கணும்.
எதடிச்சாலும் உப்புக்காத்துக்கு மூணு வருசம்.
நாலாம் வருசம் உவர் பூத்து எல்லாம் ஒரே கலருதான்."

சொன்னேன்.
"எத்தன லிட்டர்?"
"ஒரு சுவர்தான்."
"ஒரு செவுத்துக்கு டப்பால பாதி மிஞ்சுமேக்கா,
மிச்சத்த என்ன செய்ய?"